ஓட்டமும் தண்ணீரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஓடுவதற்குக் காசு வேண்டாம் என்ற ஒரே காரணத்தால்தான் நான் ஓட்டக்காரன் ஆனேன். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும். கைப்பந்துக்கு வலை வேண்டும். ஓடுவதற்கு மத்திகிரியில் சாலை இருக்கிறது. கால்நடைப் பண்ணையை ஒட்டிச் செல்லும் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடினால் பனியும் மாட்டுச் சாண வாசனையும் கூடவே ஓடி வரும். 1824 ஆம் ஆண்டில் குதிரைகளுக்காகத் தொடங்கப்பெற்ற பண்ணை அது. "குதிரைகள் ஓடிய மண்ணில் ஓடுகிறேன்" என்று நண்பர்களிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். "கழுதையும் ஓடலாம், தடையில்லை" என்றான் ஒருவன்.

என் தந்தையார் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. தாயார் ரோஜாப் பசுமைக்குடில் ஒன்றில் பூ வெட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் என் கல்லூரி வாழ்வில் எது நடந்தாலும் அது குடும்பத்திற்கே நடப்பது போலத்தான். 2025 செப்டம்பரில் கல்லூரிகளுக்கு இடையிலான 10,000 மீட்டர் ஓட்டத்திற்கு நம் கல்லூரியிலிருந்து என் பெயர் சென்றபோது, தெருவே என்னை வழியனுப்பியது. அம்மா மகளிர் குழுத் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து இருநூறு ரூபாயைக் கையில் திணித்து, "தெம்பா எதுனா வாங்கிக் குடிச்சுட்டு ஓடு கண்ணு" என்றார்.

அந்த இருநூறு ரூபாயை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

போட்டி சேலத்தில். காலை ஏழு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேரவும், கொடியேற்றிப் பேசி முடிக்கவும் மணி பத்தைத் தாண்டிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்றில் பழகிய உடம்பு என்னுடையது. சேலத்து வெயில் அதற்கு அன்னியம். அதனால் அரங்கத்திற்கு வெளியே இருந்த கடைக்குச் சென்றேன். தொலைக்காட்சியில் வீரர்கள் அண்ணாந்து குடிப்பார்களே, அந்த நீல நிறப் பானம் ஒரு பாட்டில்; மருந்துக் கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகள் பெரிதாக அச்சிட்ட காகிதப் பெட்டிப் பானம் மூன்று. எல்லாவற்றையும் ஓட்டத்திற்கு முன் அரை மணி நேரத்தில் குடித்து முடித்தேன். மிச்சம் வைத்தால் காசு வீண் அல்லவா?

மொத்தம் இருபத்தைந்து சுற்றுகள். ஆறாவது சுற்று வரை மூன்றாவதாக ஓடினேன். ஒன்பதாவது சுற்றில் வயிற்றுக்குள் ஒரு குடம் தண்ணீர் தளும்புவது போலிருந்தது. பதினாறாவது சுற்றில் விலாப்புறம் பிடித்துக்கொண்டது. பதினெட்டாவது சுற்றில் தடத்தின் ஓரமாகக் குனிந்தேன். நீல நிறமாகவே வெளியே வந்தது. பார்வையாளர் வரிசையில் யாரோ சிரித்ததும் காதில் விழுந்தது. ஒரு புங்க மரத்தடியில் என்னை உட்கார வைத்தார்கள். மீதி ஏழு சுற்றையும் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இரவு ஒன்பது மணி. "காசு போனாப் போவுது, உடம்பு எப்படி இருக்குது?" என்று மட்டுமே அம்மா கேட்டார். அதைவிட நான்கு அறை கொடுத்திருக்கலாம்.

மறுநாள் எங்கள் வேதியியல் பேராசிரியை அவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அனுதாபப்படவில்லை. பையில் கிடந்த காலிப் பெட்டியை வாங்கி, அதன் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த சர்க்கரை அளவைக் காட்டி, "செறிவைக் கணக்கிட்டுக் கொண்டு வா" என்றார். பரீட்சைக்கு எத்தனையோ முறை செறிவு கணக்கிட்டிருக்கிறேன். என் வயிற்றுக்குள் போனதன் செறிவைக் கணக்கிட்டது அதுவே முதல் முறை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2002 இல் திருத்தி வகுத்த உப்பு சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட். நான் குடித்த பெட்டியில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு, உப்போ பெயரளவுக்கு. அவ்வளவு அடர்ந்த சர்க்கரைக் கரைசல் இரைப்பையை விட்டு எளிதில் இறங்காது. இறங்கினாலும், குடல் அதை உறிஞ்சுவதற்குப் பதிலாக, நீர்த்துப் போகச் செய்ய உடம்பின் நீரையே குடலுக்குள் இழுக்கும். முதலாண்டில் படித்த சவ்வூடு பரவல்தான். படித்ததற்கும் குடித்ததற்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

நான் ஏமாந்த அடுத்த மாதமே, அதாவது 2025 அக்டோபரில், நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் போடக்கூடாது என்று ஆணையிட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் அவர்கள் எட்டாண்டுகளாக இதற்காகப் போராடி வந்தவர். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குத் தாய்மார்கள் மருந்தென்று நம்பி இதைக் கொடுக்கிறார்களே என்பது அவர் கவலை. குழந்தைகளின் ஆபத்தோடு ஒப்பிட்டால் என் பதினெட்டாவது சுற்று வெறும் வேடிக்கை.

ஆனால் உண்மையான கரைசலின் கதை இருக்கிறதே, அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. 1960 இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியல் அறிஞர், சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டே உள்ளே நுழைகின்றன என்று விளக்கினார். அவை போகும் இடத்திற்குத் தண்ணீர் பின்னாலேயே போகும். வெறும் தண்ணீர் மெல்ல நுழையும் வாசலில், உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தால் விரைந்து நுழைகிறது. இந்தச் சிறிய உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, 1971 இல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவை எதிர்த்து நின்றார் டாக்டர் திலீப் மகாலனாபிஸ். ஊசி வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே முகந்து முகந்து ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022 இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் உயிரோடிருந்த நாளில் நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருந்தோம்?

விளையாட்டு வீரர்களின் பானத்திற்கும் பிறப்பிடம் ஒரு பல்கலைக்கழகம்தான். 1965 இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், உதவிப் பயிற்சியாளர் ஒருவர் சிறுநீரக மருத்துவரான ராபர்ட் கேடிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆட்டத்தின்போது வீரர்கள் ஏன் சிறுநீர் கழிப்பதே இல்லை? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவர், வியர்வையிலேயே நீரும் உப்பும் போய்விடுவதைக் கண்டு, தண்ணீர், உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்தார். கேட்டரேடு பிறந்தது. இந்தக் கேள்வியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இன்னோர் இடத்தில் வரப்போகிறது.

அப்படியானால் ஓட்டக்காரனுக்கு என்னதான் வேண்டும்? நான் படித்தறிந்த வரையில், ஒரு மணி நேரத்திற்குள் முடியும் ஓட்டத்திற்குப் பானமே வேண்டியதில்லை. முன்கூட்டித் தாகத்திற்குத் தண்ணீர் குடித்திருந்தால் போதும். என் ஓட்டம் நாற்பது நிமிடம்! அதற்கு மேற்பட்ட தொலைவுக்குத்தான் உப்பும் சர்க்கரையும் கணக்கில் வருகின்றன. மாரத்தானில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் தண்ணீர் வைக்கிறார்கள். விரும்பினால் அந்தந்த நாட்டவர் தம் வீரர்களுக்கென்று தனிப் பானமும் கொடுக்கலாம்.

இங்கேதான் கேரளத்து வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷாவை நினைக்க வேண்டும். 2015 இல் பீஜிங்கில் 2 மணி 34 நிமிடம் 43 வினாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தவர். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 47 நிமிடம் 19 வினாடி எடுத்து 89 ஆவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். மற்ற நாட்டு வீரர்களுக்கு வழியெங்கும் அவரவர் ஆட்கள் பானம் நீட்டினார்கள், நம் நாட்டு மேசையில் கொடியைத் தவிர ஒன்றுமில்லை என்றார் அவர். வீராங்கனையும் பயிற்சியாளருமே தனிப் பானம் வேண்டாம் என்று சொன்னார்கள் என்றது தடகளச் சம்மேளனம். அவர் அதை மறுத்தார். விசாரணைக்குக் குழுவும் அமைத்தார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்க நான் யார்? ஆனால் 42 கிலோமீட்டர் வெயிலில் ஓடி வந்தவள் தண்ணீருக்காக மேசையைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வை என் மனத்தை விட்டு அகலவில்லை.

மறுபக்கமும் உண்டு. தண்ணீர் கூடினாலும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓடி முடித்தபோது எடை குறைவதற்குப் பதில் கூடியிருந்தவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. அதாவது, வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்து இரத்தத்து உப்பை நீர்த்துப்போகச் செய்திருக்கிறார்கள். முற்றினால் மூளை வீங்கி உயிரே போகும். எத்தியோப்பியாவின் கெப்ரசெலாசியோ 2009 துபாய் மாரத்தானில் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு அருகில் இழந்தும் முதலாவதாக வந்தார். ஆக, இத்தனை லிட்டர் என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு கிடையாது. அவரவர் உடம்பை அவரவர்தாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நான் நிறுத்துப் பார்த்தேன். எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் மேடைத் தராசு ஒன்று உண்டு. கடைக்காரர் எனக்கு மாமா முறை. ஓடுவதற்கு முன்னும், ஓடி முடித்துத் துடைத்துக்கொண்ட பின்னும் அதில் ஏறி நிற்பேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிற்று என்று கணக்கு. மார்கழிக் குளிரில் ஒரு மணி நேரத்திற்கு 600 கிராம் போனது. மாசிக் கடைசியில், வேண்டுமென்றே காலை பத்து மணி வெயிலில் ஓடிப் பழகியபோது, ஒரு கிலோ நூறு கிராம். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாட்கள் வேண்டும். பழகிய பின் வியர்வையில் உப்பும் குறைகிறது.

பானத்திற்கும் வீட்டிலேயே வழி இருந்தது. பழைய சோற்று நீராகாரத்தில் அம்மா உப்புப் போட்டுக் கொடுப்பார். அந்த 'ஒரு சிட்டிகை' எவ்வளவு? கல் உப்பை அம்மா கையாலேயே ஐந்து பொட்டலமாகப் போடச் சொல்லி, ஆய்வகத் தராசில் நிறுத்தேன். 1.1 கிராமிலிருந்து 1.9 கிராம் வரை. எங்கள் சொம்பு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று கிராம் என்று வந்தது. ஒரு லிட்டர் வியர்வையில் போகும் உப்பும் சராசரியாக இரண்டரை கிராம் அளவுதான். (நீராகாரமும் மருத்துவமனைக் கரைசலும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. மாவுப்பொருள் வேறு, குளுக்கோஸ் வேறு. காலராவுக்கு நீராகாரம் கொடுக்காதீர்கள்.) அம்மாவிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்கவா காலேசுக்கு அனுப்பினோம்?" என்று சிரித்தார்.

சிரித்த அம்மாவைப் பற்றித்தான் இனி எழுத வேண்டும்.

கார்த்திகையில் அம்மாவுக்கு மறுபடியும் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்தன. அந்த ஆண்டில் மூன்றாம் முறை. நான்கு நாள் கூலி போயிற்று. மருத்துவரிடம் நான்தான் அழைத்துச் சென்றேன். "தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா, அம்மா?" என்று அவர் கேட்டார். "குடிக்கிறேங்க" என்றார் அம்மா. வரும் வழியில் பஸ்சில் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குடிச்சா போவணுமே சாமி. எங்க போறது?"

முப்பது பெண்கள் வேலை செய்யும் அந்த இடத்தில் கழிப்பறை ஒன்று இருக்கிறது. அலுவலகத்தை ஒட்டி, பூட்டியிருக்கும். சாவி மேஸ்திரியிடம். கேட்டால் தருவார், ஆனால் அத்தனை ஆண்களுக்கு நடுவே நின்று கேட்க வேண்டும். அதனால் காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மாலை நான்கு மணிக்கு வெளியே வரும் வரை தண்ணீர் பக்கமே போவதில்லை. சாப்பிடும்போது தொண்டையை நனைக்க இரண்டு மிடறு. பசுமைக்குடில் என்றால் குளிர்ச்சி என்று நினைக்காதீர்கள். மேலே பிளாஸ்டிக் போர்வை. மதியத்தில் உள்ளே இட்லிப் பானைதான்.

நான் ஃபுளோரிடாவின் கேள்வியை எவ்வளவு வியந்து படித்தேன்! வீரர்கள் ஏன் சிறுநீர் கழிப்பதே இல்லை? என் வீட்டுக்குள்ளேயே அதே கேள்வி இத்தனை ஆண்டுகளாக இருந்திருக்கிறது. கேட்க ஒரு பயிற்சியாளர் இல்லை. நான் என் வியர்வையை மட்டும் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை அம்மாவை வேலைக்குப் போகும் வழியில் இரும்புக் கடைக்கு அழைத்துப் போனேன். "என்னையும் பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னு பாக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே தராசில் ஏறினார். 46 கிலோ 400. மாலை அதே சேலையில், அதே தராசில், 45 கிலோ 300. மத்தியானம் சாப்பிட்ட சோற்றையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் அதிகம் போயிருக்க வேண்டும். இருந்தாலும் தராசு காட்டியதையே எழுதுகிறேன்: ஒரு கிலோ நூறு கிராம்.

வெயிலில் நான் ஒரு மணி நேரம் ஓடி இழந்த அதே எடை. எனக்கு ஓடி முடித்ததும் நீராகாரம் காத்திருக்கும். உடற்கல்வி இயக்குநர் அவர்கள் தோளில் துண்டு போடுவார். நண்பர்கள் கை தட்டுவார்கள். வாரத்திற்கு ஆறு நாள் அம்மா இந்த ஓட்டத்தை ஓடுகிறார். மருத்துவர்கள் உப்பளத் தொழிலாளர்களிடமும் கரும்பு வெட்டுகிறவர்களிடமும் ஆராய்ந்து, வெயிலும் நீர்க்குறைவும் நாள்பட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று எழுதியிருப்பதைப் படித்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. எடையை மட்டும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை இரும்புக் கடை வாசலில் ஐந்து பெண்கள் நின்றார்கள். மாமா திகைத்துப் போனார். என் வேதியியல் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, காலை எடை, மாலை எடை, வித்தியாசம் என்று மூன்று கட்டம் போட்டு மூன்று நாள் எழுதினேன். (பதிவேட்டில் ஒரு தாள் குறைவது ஏன் என்று பேராசிரியை கேட்டால் இதுவே விடை.) ஒருவருக்கும் அரை கிலோவுக்குக் குறையவில்லை. அந்தத் தாளை அக்காதான் மேஸ்திரியிடம் கொண்டுபோனார். நான் வருகிறேன் என்றேன். "நீ படிக்கிற புள்ள, வராத" என்று விட்டார்கள்.

இப்போது சாவி கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்குகிறதாம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மட்டும். மற்ற நேரத்திற்கும் வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் செப்டம்பரில் நான் மறுபடியும் ஓடுவதாக இருக்கிறேன். முந்தின நாள் இரவு சோறு. காலையில் ஒரு சொம்பு நீராகாரம். கடைக்குப் போவதாக இல்லை. அம்மா இப்போதெல்லாம் தூக்குப் போசியோடு ஒரு பாட்டிலும் எடுத்துப் போகிறார். என்னுடைய பழைய நீலப் பாட்டில்தான், கழுவி வைத்திருந்தேன். சென்ற வியாழக்கிழமை காலை 46 கிலோ 300, மாலை 45 கிலோ 700.